முழங்கை தாங்கும் இழை

அக்டோபர் 6, திங்கள்

இன்றும் மானம் போயிற்று. காலை முழுக்க என் கண்ணாடி இழை தங்கமாக நடந்துகொண்டது. இரும்பை அறுக்கும் லேசர் அதற்குள் ஓடுகிறது. ஒளி ஒரே திசையில் அதிர வேண்டும். அதிர்ந்தது, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மேலாளர் வந்து திரையைப் பார்த்தார். எண்பது. போனார். மறுபடி தொண்ணூற்றெட்டு!

எதற்கும் "அதுக்கென்ன" என்று தொடங்குவார். நாங்கள் வைத்த பெயரும் அதுவே. "அதுக்கென்ன, வெள்ளிக்கிழமை கடைசியா பாப்போம். சரி வரலைன்னா இழையை வெளியில வாங்கிக்கலாம். நீங்க கையேடு எழுதுற பக்கம் போயிடுங்க."

இரண்டு வருட உழைப்பு. கையேடாம்!

அக்டோபர் 7

இந்த மனிதருக்குக் கொள்ளிக்கண். வேறு விளக்கம் இல்லை.

அக்டோபர் 8, புதன்

கண் இல்லை — முழங்கை! குனிந்து திரையைப் பார்க்கும்போது, இழைச்சுருளை மூடிய தகட்டின்மேல் முழங்கையை ஊன்றி மொத்த உடம்பையும் இறக்கி வைக்கிறார். இழை நசுங்குகிறது, ஒளி திசை மாறுகிறது. அவர் போனதும் நானும் ஊன்றிப் பார்த்தேன். எண்பத்தாறு. அந்த அளவுக்கு நான் கனமில்லை என்பதில் ஒரு சந்தோஷம்.

என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர். கேட்டுவிட்டுச் சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது.

"சாயக்கூடாதுன்னு அட்டை மாட்டப்போறேன்," என்றேன்.

"எங்க பஸ் கதவுல அப்படித்தான் எழுதியிருக்கு. அந்த எழுத்து மேலதான் எல்லாரும் சாஞ்சு நிக்கிறாங்க. பேசாம ஒரு நாற்காலி போடு."

அக்டோபர் 9

போட்டாயிற்று. மெத்தை வைத்தது.

அக்டோபர் 10, வெள்ளி

அதுக்கென்ன உட்கார்ந்தார். தொண்ணூற்றெட்டு. "பிரமாதம்," என்று கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடிந்ததா என்னால்? இதை வாங்கிப்போகிற தொழிற்சாலையில் எத்தனை முழங்கைகள் இருக்கும்? எல்லோருக்குமா நாற்காலி போடுவேன்?

"சார், எந்திரிச்சு எப்பவும் போல சாஞ்சு நில்லுங்க."

எண்பது.

உளறிக் கொட்டினேன். ஒளி திரும்பாமல் இருக்க, இழைக்குள் அது ஓடும் நடுப்பாதையின் இருபுறமும் வேறு கண்ணாடியில் இரண்டு தண்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கும். அதிக சக்தி போகட்டும் என்று பாதையை அகலமாக்கி, தண்டுகளைத் தள்ளி வைத்தேன். பிடி தளர்ந்துவிட்டது. "தண்டுகளைக் கிட்ட கொண்டுவந்து, கண்ணாடியை உருக்கிப் புதுசா இழை இழுக்கணும், சார்."

பேனாவை மூடினார். தன் முழங்கையைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றேன்." 'அதுக்கென்ன' இல்லாத முதல் வாக்கியம்.

அக்டோபர் 13

பதில் இல்லை. "நாற்காலி போடச் சொன்னவன் வாயை மூடவும் சொல்லியிருக்கணும்" என்று வீட்டுக்காரர் வருத்தப்படுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 14

"அதுக்கென்ன, இன்னொரு தடவை இழுங்க." இவ்வளவுதான் சொன்னார். அந்தச் சொல் இத்தனை இனிக்கும் என்று யார் கண்டது!

ஜனவரி 20, செவ்வாய்

புது இழை ஓடியது. அதுக்கென்ன வந்தார், நாற்காலியைக் காலால் ஒதுக்கினார். முழங்கையை ஊன்றினார். போதாதென்று இன்னொரு முழங்கையையும். தொண்ணூற்றேழு.

"நீங்களும் சாயுங்க," என்றார்.

லேசருக்கான கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் என் கண் கலங்கியது அவருக்குத் தெரிந்திருக்காது. சாய்ந்தேன். இருவரும் அப்படியே நின்றோம். எண் அசையவில்லை.