சத்தம் போடாத சென்ட்ரிஃப்யூஜ்

திங்கள்

காலையிலிருந்து பிசுபிசு மழை. லாஸ்பேட்டை ரோட்டில் ஸ்கூட்டர் வழுக்கப் பார்த்தது. லேபுக்குப் போனால் அதைவிடப் பெரிய பயம்.

ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கிற மெஷின், சென்ட்ரிஃப்யூஜ், இன்று மேசையில் நகர்ந்தது. ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களைப் போட்டு மூடி, சுவிட்சைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கடகடவென்று கத்திக்கொண்டு ஸிங்க் பக்கம் ஒரு சாண் தள்ளி நிற்கிறது. உள்ளே குழாய்களோடு சுற்றுகிற தலை பிய்த்துக்கொண்டு வந்தால் மூடி தாங்குமா? நான் எப்போதும் கதவோரம். கூட வேலை செய்யும் செல்வி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து குழாய்களில் பெயர் ஒட்டுகிறாள்.

"தள்ளி உக்காரேன்டி."

"கத்துற மெஷின் ஒன்னும் பண்ணாதுக்கா. நீங்க சும்மா பயந்துக்கினே இருங்க."

டாக்டரம்மாவின் லேப், டாக்டரம்மாவின் மெஷின். "இன்னும் ஒரு மாசம் ஓட்டு, நூரு" என்கிறார்.

வாங்க: கொத்தமல்லி, பால், வீட்டுக்காரருக்கு இருமல் மருந்து.

செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

எதிரெதிர்க் குழாய்களின் எடை ஒன்றா என்று பார்த்தேன். சரி. தலையைக் காலியாக ஓட்டினேன். அப்போதும் ஆட்டம். ஆக, நாங்கள் குழாய் வைக்கிற விதத்தில் தப்பில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையால் சுற்றினேன். மணல் அரைபடுகிற மாதிரி. அடியில் ரப்பர் கால்கள் வெடித்து, கல்லாக இறுகிக் கிடக்கின்றன.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. தலை சுற்றும்போது மூடி திறக்காமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. எங்களுடையது வேலை செய்யாது, தெரிந்ததுதான். ஆனால் பூட்டு இல்லாமலே ஓடட்டும் என்று யாரோ அதன் வயர்களை முறுக்கி டேப் சுற்றியிருப்பதை இன்றுதான் பார்த்தேன். மூடியில் கண்ணாடியும் கிடையாது. காதுதான் எங்களுக்குக் கண். ஆஃப் ஆனதும் வேகம் குறைந்து, கடைசியில் கடகடவென்று ஆடி அடங்கும். அடங்கினால் திற. இங்கே சேருகிற எல்லோருக்கும் முதல் நாள் சொல்லித் தருவது இதைத்தான்.

நகர்ந்த கதையைச் சொல்லிச் சொல்லி டா.அம்மாவைச் சம்மதிக்க வைத்தேன். நாளை மெக்கானிக்.

புதன்

அரியாங்குப்பத்திலிருந்து மெக்கானிக் அன்பு வந்தார். பேரிங், கார்பன் பிரஷ், ரப்பர் கால், எல்லாம் புதுசு. பிரஷ் என்பது சின்னக் கரித்துண்டு; மோட்டாருக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று, திருகு மூடிக்குள். நாணயத்தாலேயே திருகி எடுக்கலாம் என்று காட்டினார். அது இல்லாவிட்டால் மோட்டார் அசையாதாம்.

"மூடி பூட்டு சென்னைலேர்ந்து வரணும்க்கா. அது வர்ற வரைக்கும் ஓட்டாம இருந்தா நல்லது."

டா.அம்மா: "இத்தினி வருஷமா பூட்டு இல்லாமதானே ஓடுது?"

ஓட்டிப் பார்த்தோம். சத்தமே இல்லை. "உயிரோட இருக்குதா அண்ணா?" என்றாள் செல்வி. அன்பு மூடி மேல் நாணயத்தை நிறுத்தி வைத்தார். விழவில்லை. எல்லோரும் சிரித்தோம், நானும்தான்.

வீட்டில் மீன் குழம்பு. இன்று நன்றாகத் தூங்குவேன்.

வியாழன்

இன்று எழுத்து கோணல்.

காலைக் கூட்டம். வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வரிசையில். டைமர் அடித்தது. மெஷினில் சத்தம் இல்லை. செல்வி மூடியைத் தூக்கிக் கையை விட்டாள். தலை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கிளவுஸ் கிழிந்து, நடுவிரல் நகத்தோரம் ரத்தம். எலும்புக்கு ஒன்றுமில்லை. அல்லாஹ் காப்பாற்றினான்.

"நின்னுட்டுதுன்னு நெனச்சேன்க்கா. சத்தமே இல்லியே."

பேரிங் புதுசு. ஆஃப் பண்ணிய பிறகு முன்னைவிட அதிக நேரம் சுற்றுகிறது, மூச்சுக் காட்டாமல். இத்தனை நாள் நான் எந்தச் சத்தத்துக்குப் பயந்தேனோ, அதுதான் எங்கள் விரல்களைக் காப்பாற்றியிருக்கிறது. கைக்குழந்தைக்கு நரம்பு தேடுகிற விரல் அவளுடையது. எனக்கு அது வராது. தையில் அவளுக்குக் கல்யாணம்.

டா.அம்மா பிளாஸ்திரி போட்டார். "பாத்து வேல செய்யுங்க ரெண்டு பேரும்."

மூடியில் ஒரு தாள் ஒட்டினேன்: நின்ற பிறகு திற. நின்றதை எப்படித் தெரிந்துகொள்வது என்று எழுதத் தெரியவில்லை.

வெள்ளி

காலையில் ஒரு யோசனை. பின்பக்கத் தகட்டின் திருகு ஒன்றைத் தளர்த்திவிட்டேன். வேகம் குறையும்போது தகடு கடகடக்கிறது, தலை நின்றால் அடங்குகிறது. செல்வி முகத்தில் உயிர் வந்தது.

மாலையில் டா.அம்மா காதில் விழுந்துவிட்டது. "மறுபடியும் சத்தமா? அன்பு என்னதான் பாத்தாரு?" பின்னால் குனிந்து தேடி, தாமே திருகை இறுக்கினார். "பாத்தியா, இவ்ளோதான்." முகத்தில் அத்தனை பெருமை. நான் சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடுமோ என்று வாயைத் திறக்கவில்லை. என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

சனி

மறுபடி மழை. இன்று முழுக்க மூடியை நானே திறந்தேன். ஒவ்வொரு முறையும் நெடுநேரம் காத்திருந்து, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு. வரிசையில் ஒரு பெரியவர்: "இன்னாம்மா, மெஷின் முன்னாடி நின்னு ஓதுறியா?"

நாளை எனக்கு லீவு. செல்வி தனியாக. பூட்டு வரும்வரை பக்கத்துத் தெரு லேபில் ரத்தத்தைக் கொடுத்துச் சுற்றி வாங்கிக்கொள்ளலாமா என்று டா.அம்மாவிடம் கேட்டேன். "அவங்க சிரிப்பாங்க, நூரு."

எல்லோரும் போன பிறகு பிளக்கைப் பிடுங்கினேன். நாணயத்தால் இரண்டு பக்கமும் திருகினேன். பிரஷ் இரண்டையும் பையில், கொத்தமல்லிக்கு அடியில் போட்டேன். வீடு வரை பை காலடியிலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். இந்த வயதில் திருட்டு.

ஞாயிறு

வெயில். அவருக்கு இருமல் பரவாயில்லை. பிரஷ்கள் ஏலக்காய் டப்பாவில்.

செல்வி போன் செய்தாள். "அக்கா, மெஷின் ஓடல. ரத்தத்த பக்கத்துத் தெருவுக்கு அனுப்பிட்டோம். டாக்டரம்மா அன்பு அண்ணன திட்டுறாங்க, ரிப்பேர் ஒழுங்கா பண்ணலன்னு."

"உன் விரல் எப்டி இருக்கு?"

"நல்லாதான் இருக்கு. ஏன்க்கா?"

அன்பு மேல் பழி. இதை நான் யோசிக்கவே இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

போன் அடிக்கிறது. டா.அம்மா. ஒரு முறை அடித்து ஓய்ந்து, மறுபடி அடிக்கிறது. எடுத்துச் சொல்லப் போகிறேன்: பிரஷ் என்னிடம் இருக்கிறது, பூட்டு வந்த அன்று தருகிறேன் என்று.