என் கடையில் நான் கெஸ்ட்டா?

காசிமேடு
அக்டோபர் 2004

அன்பு மகன் ஜெபசிங்குக்கு,

கர்த்தர் கிருபையால் அப்பாவுக்குச் சளி விட்டது, எனக்கு மூட்டுவலி விடவில்லை, மற்றபடி சுகம். கனடாக் குளிரில் நீயும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். ஆனால் கோபத்தில்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

போன முறை வந்தபோது கடைக் கம்ப்யூட்டரில் என்னவோ செய்துவிட்டு, யாரும் கை வைக்காதீங்க, நான் பாத்துக்கறேன் என்று விமானம் ஏறிவிட்டாய். அன்றிலிருந்து ஓயாமல் ஒரு அறிவிப்பு. புதுப் பதிப்புக்கு மாறு, அணைத்துப் போடு என்கிறது. மூடினால் திரும்ப வந்து நிற்கிறது. பிறகு என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அது மங்கிக் கிடக்கிறது, அமுக்கினால் அமுங்காது. போனில் கேட்டால், கிறிஸ்துமஸுக்கு வந்து எடுக்கறேம்மா, பொறுத்துக்கோ என்கிறாய். விசைப்படகுக்காரர்கள் உன் கிறிஸ்துமஸ் வரைக்கும் பொறுப்பார்களா? சனிக்கிழமை சுப்பராயன் கயிறும் வலையும் எடுத்துக்கொண்டு பில்லுக்கு நிற்கிறார், பாதியில் அது தானாக அணைந்து எழுந்தது, அடித்ததெல்லாம் போச்சு. இன்னாம்மா, படகுல ஐஸ் கரைஞ்சிகினு கீது, நான் கெளம்ப வேணாவா என்று கத்தி, எடுத்ததைப் போட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். கடை திறந்த நாளிலிருந்து நம்மிடம் வாங்குகிறவர்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் கலீலுல்லாவை வரச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். இன்னா ஆண்ட்டி, உங்க கடையில நீங்களே கெஸ்ட்டா கீறீங்க, அதான் அது உங்க பேச்சக் கேக்கல என்றார். கெஸ்ட் என்றால் விருந்தாளியாம். அட்மினிஸ்ட்ரேட்டர், அதாவது முதலாளி, என்று இருப்பது உன் பெயராம். ஏலே, அப்பாவுக்குக் கண் மங்கியதிலிருந்து இந்த வலைக்கடையைத் தனியாக நடத்துகிறவள் நான். கனடாவில் இருக்கிற நீ முதலாளி, நான் விருந்தாளியா? அதோடு விட்டாயா? கடையைக் கொடுத்துவிட்டு மாத்தூர் ஃபிளாட்டில் போய் உட்காருங்கள் என்று அப்பாவிடம் மட்டும் பேசியிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. கெஸ்ட்டிடம் யார் கேட்பார்கள்!

கலீலுல்லா வேறு வழியாக உள்ளே போய் அந்த அறிவிப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டார். இனி நான் சொன்னால்தான் அதில் எதுவும் மாறும். உங்க புள்ள பேரத் தூக்கிடவா என்று கேட்டார். பெயர் இருக்கட்டும், இடத்தை மட்டும் மாற்றுங்கள் என்றேன்.

கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வா, வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன். கடையை விற்கிற பேச்சை அங்கேயே விட்டுவிட்டு வா. அங்கே குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. கர்த்தர் உன்னைக் கண்மணி போலக் காக்கட்டும். கம்ப்யூட்டரைத் தொட வேண்டுமானால் கெஸ்ட் என்று இருப்பதை அமுக்கு, அது நீதான்.

இப்படிக்கு,
உன் அம்மா தேவகிருபை,
அட்மினிஸ்ட்ரேட்டர்.