மீனாம்பிகைக்கு விடை சொன்னது யார்?

நெல்லியடி,
20.5.1984

அன்புள்ள மகன் ஆர்தருக்கு,

இந்தச் சோளகக் காற்றிலும் எங்கள் வீட்டு ஓடுகளையும் அப்பாவின் முழங்காலையும் கழன்று போகாமல் பிடித்து வைத்திருக்கிற ஆண்டவர், அந்த ஊர் மழையில் உன்னையும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் வைத்திருப்பார் என்று நம்பி எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் சுகம். பசு கன்று போட்டிருக்கிறது, ஆண் கன்று, நாம்பன், அதனால் அப்பாவுக்கு இரண்டு நாள் முகமில்லை. கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை நிறையக் காய்த்திருக்கிறது, பாதியை வௌவால் தின்கிறது, மீதியை அடுத்த வீட்டுக் கமலாவதி எங்களுக்காக எண்ணி வைத்திருக்கிறாள். உன்னுடைய படிப்பு எப்படிப் போகிறது, அறையில் மீன் பொரித்து வெள்ளைக்காரக் கிழவியிடம் ஏச்சு வாங்குவதை நிறுத்தி விட்டாயா என்று அப்பா கேட்கச் சொன்னார். இதெல்லாம் கடிதத்துக்கு வாசற்படி. இனி உள்ளே வா தம்பி, கதவைச் சாத்திக்கொண்டு வா, உன் அம்மா இரண்டு மாதமாக இந்த வீட்டில் பொலிஸ் வேலை பார்த்த கதையைச் சொல்லப் போகிறேன்.

தை மாதம் தொடக்கம் கொழும்புத் தொலைக்காட்சியில் போகிற "நாலில் ஒன்று" போட்டிக்கு நான் கேள்வி எழுதுகிறேன் என்பது உனக்குத் தெரியும், என் பெரியம்மாவின் மருமகன் செபநாயகம் அதைத் தயாரிக்கிறார் என்பதாலும், பூமிசாத்திரம் படிப்பிக்கிற ஒருத்திக்கு உலகத்தில் தெரியாதது இல்லை என்று அவர் நம்பியதாலும் கிடைத்த வேலை. கேள்வி எழுதுவது சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கேள்வி சுலபம்தான், சரியான விடையும் சுலபம், அந்த மூன்று பிழையான விடைகள்தான் ஆளைக் கொல்லும். மூன்றும் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், பார்த்தவுடன் பிழை என்று தெரியவும் கூடாது, பிறகு ஒருவன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இதுவும் சரிதானே என்று சண்டை பிடிக்கவும் கூடாது. ஒக்டோபசுக்கு எத்தனை இதயம் என்ற கேள்விக்கு மூன்று பிழை தேடி நான் சோறு கருக்கினேன். அ) ஒன்று, ஆ) இரண்டு, இ) எட்டு, ஈ) மூன்று, அவற்றில் இரண்டு செவுள்களுக்கு மட்டும். இதை உனக்கு அனுப்ப நீயும் அங்கே நூலகத்தில் பார்த்து ஓம் சரி என்று எழுதியிருந்தாய். உலகின் மிக ஆழமான ஏரியும் அப்படித்தான், விக்டோரியா, மிச்சிகன், டிட்டிகாக்கா, சைபீரியாவின் தெற்குப் பகுதியில் உள்ள பைக்கால் ஏரி. என் கேள்விக்கு ஒருவரும் பத்துக்கு ஆறுக்கு மேல் எடுக்கவில்லை என்று செபநாயகம் எழுதினபோது, உண்மையைச் சொன்னால், நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று சிரித்தேன்.

பங்குனியில் ஒருத்தி வந்தாள், ஒன்பது எடுத்தாள். அடுத்த சுற்றில் பத்துக்குப் பத்து. கரவெட்டி மீனாம்பிகை, வெங்காயத் தோட்டக்காரர் கதிரவேலுவின் மூத்த மகள், கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை, உன்னோடு ரியூட்டரியில் படித்து இரண்டு மூன்று புள்ளியில் கம்பஸ் அனுமதியைத் தவறவிட்டவள். அந்தக் காலத்தில் நீ அவளைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை, அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளை வெல்கிறாளே என்று சந்தோஷப்படுவதற்குப் பதிலாக நான் கேள்விக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். என் கேள்விக்குப் பத்துக்குப் பத்தா, யாரோ விடை சொல்லிக் கொடுக்கிறார்கள். கேள்வியைப் பார்க்கிறவர்கள் யார் யார் என்று எண்ணினேன். அந்த நேரத்தில்தான் கமலாவதி வேலியால் தலையை நீட்டி, "நான் ஒண்டும் கதைக்கேல்லை அக்கா, எனக்கேன் ஊர்ப்புதினம், ஆனால் கதிரவேலு அண்ணை வீட்டுக்கு மாசத்திலை ரெண்டு நீல எயார்மெயில் கடிதம் லண்டனிலை இருந்து வருகுதாம், தபாற்கந்தோரிலை நிண்ட சனம் கண்டதாம்" என்று சொல்லிவிட்டு, ஒன்றும் சொல்லாதவள் போல முருங்கைக்காய் கேட்டாள். ஒன்றுக்கு நாலு கொடுத்து மேலும் விசாரித்தேன், அதற்கு மேல் அவளுக்கும் தெரியவில்லை, காய் போனதுதான் மிச்சம். அன்றைக்கு என் கேள்விக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதி வைத்ததை வெட்கத்தை விட்டு அப்படியே இங்கே எழுதுகிறேன். கேள்வி: கள்ளன் யார்? அ) அப்பா, ஆ) கமலாவதி, இ) செபநாயகம், ஈ) லண்டனில் கணக்கியல் படிக்கும் என் மூத்த மகன் ஆர்தர்.

அதனால்தான் உனக்கு எழுதிய கடிதத்தில், கரவெட்டிப் பக்கம் யாருக்காவது கடிதம் போடுகிறாயா மகன் என்று ஒன்றும் அறியாதவள் போலக் கேட்டிருந்தேன். நீ பனியைப் பற்றி ஒன்றரைப் பக்கமும், நிலக்கீழ் றெயிலில் குடையை விட்டுவிட்டு வந்ததைப் பற்றி ஒரு பக்கமும் எழுதிவிட்டு, நடுவிலே "இல்லை அம்மா" என்று எழுதியிருந்தாய். நான் நம்பினேன். நம்பினேன் என்று சொல்கிறேன், ஆனால் மூன்றாம் சுற்றுக்கு எழுதிய கேள்விகளை உனக்கு அனுப்பவில்லை. அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை வேதப்புத்தகத்து உறைக்குள் போட்டு, நானே தபாற்கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பிறகு கமலாவதி வீட்டு ரி.வி.க்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு பூனை மாதிரி இருந்தேன். அவள் அன்றைக்கும் ஒன்பது எடுத்தாள் தம்பி. ஒன்றில் மட்டும் விழுந்தாள், ஐஸ்லாந்தின் தலைநகரம், மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாவற்றிலும் சுலபமான கேள்வி. நீ தப்பினாய், அந்தக் களவில் உனக்குப் பங்கில்லை. ஆனால் எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே இருந்து செபநாயகத்துக்கு எழுதினேன், கேள்வி எங்கேயோ கசிகிறது, கரவெட்டிப் பிள்ளையைக் கொஞ்சம் விசாரியுங்கள் என்று. அவர் என்னை நம்புகிற மனிதர், விசாரித்து முடியும் மட்டும் இறுதிப் போட்டிக்கு வர வேண்டாம் என்று அந்தப் பிள்ளைக்கு எழுதிவிட்டார். அதை எனக்கும் எழுதி அறிவித்தார். நான் அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணீர் குடித்தேன், ஆண்டவர் என்னை மன்னிப்பாராக.

அடுத்ததாகச் சந்தேகம் அப்பாவில் விழுந்தது, திறப்பு இருக்கிற இடம் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே. இரண்டு கிழமைக்கு முதல் அவர் சாய்ந்து கிடந்து முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது, அலுப்புக்குக் கேட்பது போலப் புதுக் கேள்விகள் பத்தை வாசித்துக் காட்டினேன். உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும், விவசாயக் கந்தோரில் இருந்த காலத்திலும் புத்தூருக்கு அங்காலே உலகம் இருக்கிறது என்று அவர் ஒப்புக்கொண்டதில்லை. அந்த மனிதர் மேலே ஓட்டைப் பார்த்துக்கொண்டு ஒன்றாவது இ, இரண்டாவது அ, மூன்றாவதும் அ என்று சொல்லிக்கொண்டே போய் பத்தையும் சரியாகச் சொன்னார். இஞ்சருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ, அலுமாரியைத் திறந்தனீங்களோ என்று எண்ணெய்ப் போத்தலைப் பறித்துக்கொண்டு கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் கன்று வெருண்டது. "இஞ்சேரும், உம்மடை அலுமாரி எனக்கேன்? உம்மடை சரியான விடை எப்பவும் நீளமாயெல்லோ இருக்கும். பிழை மூண்டும் வெறும் பேர், சரியானதுக்கு மட்டும் ஆரும் வந்து சண்டை பிடிப்பினம் எண்டு பயந்து தெற்கு, வடக்கு, செவுள் எண்டு நாலு சொல்லுக் கூட்டிப் பூட்டுவீர். இருபத்தாறு வருசம் உம்மோடை குடும்பம் நடத்திறன், எனக்குத் தெரியாதே? பொய் சொல்லேக்கை நீர் நறுக்கெண்டு முடிப்பீர், மெய்யெண்டால் நீட்டுவீர்" என்றார். நான் கொப்பியை எடுத்துக் கேள்வி கேள்வியாகப் பார்த்தேன். தை தொடக்கம் வைகாசி வரை அப்படியேதான் இருந்தது. ஐஸ்லாந்துக்கு மட்டும் நாலும் ஒற்றைச் சொல்.

அந்த இரவைப் பற்றி எழுத மாட்டேன், விடிந்ததும் ஒரு பை மாம்பழத்தைத் தூக்கிக்கொண்டு கரவெட்டிக்கு நடந்தேன். காற்று குடையை மறுபக்கம் திருப்பிவிட்டது, திருப்பின குடையோடும் அவிழ்ந்த கொண்டையோடும் போய் அவர்களின் வாசலில் நின்றேன், பாவமன்னிப்புக் கேட்கப் போகிறவளுக்கு அது பொருத்தமான கோலம்தான். கதிரவேலு அண்ணை வெங்காயம் பிடுங்கிய கையோடு வந்தார், செபநாயகத்தின் கடிதம் அவருடைய மடிக்குள் இருந்தது, எத்தனை தரம் விரித்து மடித்தாரோ, மடிப்பெல்லாம் கிழிந்து போயிருந்தது. நான் வாய் திறக்க முதல் அவர், "என்ரை பிள்ளைக்குக் களவு தெரிஞ்சிருந்தால் அவள் எப்பவோ கம்பசுக்குப் போயிருப்பாள் ரீச்சர்" என்று மட்டும் சொன்னார். மீனாம்பிகை கதிரை கொண்டுவந்து வைத்தாள், தேத்தண்ணீர் தந்தாள், பிறகு நிமிர்ந்து நின்று சொன்னாள், "தெரிஞ்ச கேள்விக்குத் தெரிஞ்சதைச் சொன்னன் ரீச்சர், தெரியாததுக்கு நீளமானதைச் சொன்னன், அது களவே? பரிசாய் வாற ரி.வி. எனக்கு வேண்டாம், எங்கடை வீட்டிலை கரண்டும் இல்லை. சங்கக்கடையிலை சனம் என்னைப் பார்க்கிற பார்வைதான் தாங்கேலாமல் கிடக்கு." பிழை என்னுடையது பிள்ளை, கேள்வியும் என்னுடையது, கோளும் என்னுடையது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவளுடைய முகம் கொஞ்சம் இளகியது. நீ எப்படி இதைக் கண்டுபிடித்தாய், என்னுடைய மனுசனுக்கே இருபத்தாறு வருசம் எடுத்ததே என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு, "மகன்ரை எழுத்தும் உங்கடை எழுத்துப் போலைதானே ரீச்சர், மெய்யெண்டால் நீட்டுவார்" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, தேத்தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே ஓடினாள். தேத்தண்ணீர் என் கையில் இருந்தது.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைத் தேடி எடுத்தேன். பனி ஒன்றரைப் பக்கம், குடை ஒரு பக்கம், இல்லை அம்மா. அதே கையோடு என் கொப்பியின் கடைசிப் பக்கத்தையும் பார்த்தேன், அங்கேயும் நாலாவது விடைதான் நீளம். அப்பாவிடம் இரண்டையும் காட்டினேன். மீனாம்பிகை வீட்டு நடுச்சுவரில் முருகன் படம், எங்கள் வீட்டில் வேதவசனக் கலண்டர், எங்கள் கோயிற்சனம் என்ன சொல்லும், எங்கள் போதகருக்கு நான் என்ன சொல்வது என்று கேட்டேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு, சுவரிலை இடம் கிடக்கு, இன்னொரு ஆணி அடிச்சால் போச்சு என்றார். இந்த மனிதருக்கு எல்லாம் ஆணிதான்.

செபநாயகத்துக்கு உள்ளதை உள்ளபடி மூன்று பக்கம் எழுதினேன், நீளத்தைப் பார்த்தே நம்பியிருப்பார். அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டார், கதிரவேலு அண்ணை அதையும் மடிக்குள் வைத்துக்கொண்டு திரிகிறார், சங்கக்கடையில் நின்ற சனத்துக்கு நானே போய் உரத்து வாசித்துக் காட்டினேன். இறுதிப் போட்டி ஆனி ஒன்பதாந் திகதி. அதற்குக் கேள்வி எழுதுவது நான் இல்லை, இனி எப்போதும் நான் இல்லை, ஒரு கொழும்பு மாஸ்டர் எழுதுகிறாராம், எல்லா விடையையும் அடிமட்டக் கோல் வைத்து ஒரே அளவாக வெட்டுகிறவராம். எனக்கு வருத்தம் இல்லை. போன வருஷத்து ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஒரு பெட்டையைக் கொழும்புக்குத் தனியே அனுப்ப யாருக்கு மனம் வரும், கதிரவேலு அண்ணைக்கு இப்போது தோட்டத்தை விட முடியாது. அதனால் நான் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கொடிகாமத்தில் றெயில் ஏறினால் நாள் முழுக்க நானும் அவளும் எதிர் எதிரே.

உன்னில் எனக்குக் கோபம் இல்லை. சரி, இதையும் நீட்டித்தான் எழுத வேண்டும். கோபம் இருக்கிறது மகன், அது நீ அவளுக்கு எழுதியதற்கு அல்ல, அவள் சைவமாய் இருப்பதற்கும் அல்ல, நாங்கள் எப்படியும் ஒரு ஆணி அடித்துக்கொள்வோம், ஆனால் எனக்கு இரண்டு சொல்லில் மறைத்ததை நீ அவளுக்குப் பக்கம் பக்கமாகத் திறந்து வைத்திருக்கிறாய், அதைத் தெரியாமல் நான் அந்தப் பிள்ளையின் பெயரைக் கெடுக்கப் பார்த்தேன், நீ முதலிலேயே சொல்லியிருந்தால் அவளை எங்கள் வீட்டுப் பிள்ளையாய் நினைத்துச் சந்தேகத்தை விழுங்கியிருப்பேன், விழுங்காவிட்டாலும் செபநாயகத்துக்கு எழுத முதல் ஒரு நாள் பொறுத்திருப்பேன். ஆகவே உனக்கு ஒரே ஒரு கேள்வி, இதுதான் நான் எழுதுகிற கடைசிக் கேள்வி. மீனாம்பிகைக்கு நீ எழுதுவது எதற்காக? அ) பொழுதுபோக்கு, ஆ) பழைய சினேகிதம், இ) இரக்கம். நாலாவது விடையை நான் எழுதவில்லை, இடம் விட்டிருக்கிறேன், நீயே எழுது. ஒற்றைத் தாளாய் மடிக்கிற நீலக் கடிதத்தில் இடம் போதாது, தாள் வாங்கி உறையில் போட்டு அனுப்பு.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, நல்ல புத்தியும் அதைச் சொல்லுகிற தைரியமும் தருவாராக. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக மறக்காதே, குடையையும் மறக்காதே. அப்பா முத்தங்கள் சொல்லச் சொன்னார்.

என்றும் உன் நினைவாய் இருக்கும்
அம்மா
பொன்மலர் எட்வேர்ட்

றெயிலில் நான் அவளிடம் ஒன்றும் கேட்க மாட்டேன்.