சொன்ன பிறகு ரயிலேறாத அக்கா

அக்கா,

நேற்று சுண்ணாம்படிக்க வந்தவர்கள் மாடி ஜன்னலைச் சுரண்டியபோது, கண்ணாடி ஓரத்திலிருந்து கறுப்புக் காகிதம் கொஞ்சம் உரிந்து வந்தது. விளக்கு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாதென்று யுத்த காலத்தில் நீ ஒட்டியது.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மெட்ராஸில் நம் மந்தைவெளிப் பேட்டையே காலியாகிக்கொண்டிருந்தது. மறுநாள் வேலூருக்குப் போக நாமும் மூட்டை கட்டியிருந்தோம். எதிர்வீட்டு மரக்கடைக்காரர் மனைவி மக்களோடு ஜட்கா வண்டியில் ஏறினார். வாதத்தில் விழுந்த அவருடைய அப்பா மட்டும் உள்ளே கட்டிலில் கிடந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரலில் நீ நடுத்தெருவில் நின்று கேட்டாய்: "பெத்தவரைத் தனியா விட்டுட்டுப் போறது நியாயமா?"

"இன்னா பண்றது டீச்சர்? ரயில்ல நிக்கவே எடமில்ல. படுத்த ஆளை எப்படித் தூக்கிக்கினு போறது?" அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நியாயம் பேசறது லேசு. நீங்க பாத்துக்குவீங்களா?"

"பாத்துக்கறேன். சாவியைக் குடுங்க" என்று கையை நீட்டினாய்.

வீட்டுக்குள் வந்ததும் நான் அழுதேன். "நாமளும் போகணுமேக்கா?"

"நீ போ. அவ்வளவு பேசிட்டு நான் எப்படி ரயில் ஏறுவேன்?"

நானும் போகவில்லை. பெரியவருக்குக் கஞ்சி ஊட்டினோம், புரட்டிப் படுக்கவைத்து முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டோம். விமான அபாயச் சங்கு ஊதினால் மிச்சமிருந்தவர்கள் பதுங்கு குழிக்கு ஓடுவார்கள். அவரைத் தூக்க முடியாது. "நீ போம்மா, நான் கெழவன், போனா போறேன்" என்பார். நீ அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாய். ஒரு தடவைகூட நீ எழுந்து போனதைப் பார்த்ததில்லை.

நம் தெருவில் குண்டு விழவில்லை. பயம் தணிந்து மரக்கடைக்காரர் திரும்பி வந்தார். தட்டில் பழமும் புடவையும் வைத்து, "தெய்வம்மா நீங்க" என்று கும்பிட்டார். நீ தட்டைத் தொடவில்லை.

"உக்காருங்க. அன்னிக்கு வண்டி கிளம்பற அவசரத்துல நான் பாதிதான் பேசினேன்."

பெற்றவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியது மகன்தான் என்று மீதியையும் பேசினாய். அன்று மாலை அவர் கஞ்சிக் கிண்ணத்தை உன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நான் ஊட்றேன் டீச்சர்" என்றார். முதல் வாய் பெரியவர் தாடையில் வழிந்தது. துடைக்கத் துணி கேட்டார். எடுத்துக் கொடுத்தாய்.

உன் வழக்கம் எனக்கும் தொற்றிவிட்டது. யாராவது தப்புச் செய்வதைக் கண்டால் நாக்கு துடிக்கிறது. "நீ செய்வியா?" என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வேன் என்று முதலில் யோசிக்கிறேன். பல நேரம் வாயை மூடிக்கொண்டு வந்துவிடுகிறேன். "செய்வேன்" என்று சொல்ல முடிகிற இடத்தில் பேசத் தொடங்கினால், பாதியில் நிறுத்துவதில்லை.