படியில் உட்கார்ந்திருந்தது ஏன்

தூங்குமூஞ்சி,

சாப்பாடு அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். குழாய் பார்க்க ஆள் வருவார், குளியலறையையும் காட்டிவிடு.

நேற்று சாயங்காலம் நான் மாடிப்படியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "வீட்டுக்குள்ள வரவே பிடிக்கலையா?" என்று கேட்டாய். நான் எழுந்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன். நீ அழுதபடியே தூங்கிப்போனாய்.

ஆம்புலன்ஸை நிறுத்திவிட்டு வந்த பிறகும் சைரன் என் காதுக்குள் அடித்துக்கொண்டே இருக்கிறது. அப்படியே உள்ளே வந்தால், பாப்பா பென்சிலைத் தட்டினால்கூட எரிந்து விழுகிறேன். எங்கள் நர்ஸ் அக்காதான், "பேசாம உட்கார்ந்து, மூச்சு போறதையும் வர்றதையும் மட்டும் கவனி தம்பி" என்றார். சிரித்தேன். ஆனாலும் கொஞ்ச நாளாக உட்காருகிறேன். பாதி நேரம் மனசு ஊர் சுற்றப் போய்விடுகிறது. திட்டாமல் கூட்டிவந்து திரும்ப உட்காரவைக்கிறேன். சைரன் அடங்கியதும் எழுந்து வருகிறேன். நேற்று அடங்குவதற்குள் நீ வந்துவிட்டாய்.

பாப்பாவை எழுப்பிவிடு, பள்ளிக்கு நேரமாகிவிடும்.

இன்னொன்று. இன்றைக்கும் அங்கேதான் உட்காருவேன். முடிந்தால் நீயும் வா. எதுவும் பேச வேண்டாம். மாடிக்காரர் ஏறி வந்தால் இரண்டு பேரும் ஒதுங்கிக்கொள்ளலாம்.