முன்பாதி உன்கிட்ட, பின்பாதி என்கிட்ட

என் பக்கத்து சீட்டு எஸ்தருக்கு,

ஜெயா எழுதறேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போவுது. இன்னமும் சென்னை பஸ்ல ஏறினா, பக்கத்துல பைய வெச்சு உனக்கு இடம் பிடிக்கிறேன், பாரேன். கண்டக்டர் திட்டினப்புறம்தான் எடுக்கிறேன்.

நம்ம புத்தகம் ஞாபகம் இருக்கா? பாலாத்தங்கரைக் கோயில் கல்வெட்டுங்களப் பத்தின அந்தப் பழைய புத்தகம். அது இல்லாம நம்ம ரெண்டு பேர் ஆராய்ச்சியும் ஒரு அடி நகராதுன்னு கைடு கறாரா சொல்லிட்டாரு. சென்னையில ஒரே ஒரு லைப்ரரியிலதான் இருந்துச்சு. வெளிய தர மாட்டாங்க. ஜெராக்ஸும் ஒரு ஆளுக்குப் பாதிப் புத்தகம் வரைக்கும்தான். "ரெண்டு பேரு இருக்கோமே, அப்புறம் இன்னா?"ன்னு சிரிச்சியே. முன்பாதி உன் பேர்ல எடுத்தோம், பின்பாதி என் பேர்ல. படிச்சுட்டு மாத்திக்கலாம்னு பேச்சு. அதுக்குள்ள உனக்குக் காய்ச்சல் வந்துடுச்சு.

என் பாதி எப்படித் தொடங்குதுன்னு தெரியுமாடி? ஒரு வாக்கியத்தோட நடுவுல. கோயில்ல விளக்கெரிய யாரோ தொண்ணூறு ஆடு குடுத்திருக்காங்க. யாரு? யாருக்காக? அது உன் பாதியோட கடைசிப் பக்கத்துல. இந்த ஆடுங்களால நான் பட்ட பேஜாரு கொஞ்சநஞ்சமில்ல.

இந்த வருஷம் ஆய்வேட்டக் குடுக்கலன்னா என் ரிஜிஸ்ட்ரேஷன் போய்டும். ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம்ல வேலைய முடிச்சுட்டு, தெனமும் அந்தப் புத்தகத்தத் தேடறதுதான் எனக்கு இன்னொரு வேல. அந்த லைப்ரரியில மழைத்தண்ணி எறங்கி, புத்தகத்தையெல்லாம் மூட்டை கட்டி வெச்சிட்டாங்க. எப்பப் பிரிப்பாங்கன்னு அவங்களுக்கே தெரியல. பதிப்பகத்துக்குப் போன் போட்டா, "அதெல்லாம் யாரும்மா வாங்கறாங்க, திரும்பப் போடற மாதிரி இல்ல"ன்றாங்க. யாரும் வாங்காத புத்தகத்துக்கு வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் நெட்ல என் மாசச் சம்பளத்த விட ஜாஸ்தி விலை போட்டிருக்கான், அநியாயக்காரன். ஓசியில ஒரு ஸ்கேன் கெடச்சுது. அத எடுத்த புண்ணியவானோட கட்டைவிரல் எல்லாப் பக்கத்துலயும் பளிச்சுன்னு தெரியுது, எழுத்துதான் தெரியல.

உன் வீட்டுல இருக்குமேன்னு தோணாம இல்ல. ஆனா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போய்க் கேக்கறது? பொண்ணப் பறிகுடுத்த வீட்டுல போய், 'அந்த ஜெராக்ஸ் எங்க?'ன்னா கேக்க முடியும்? வேற வழியே இல்லாமத்தான் போன ஞாயித்துக்கெழம ஆம்பூர் வந்தேன்.

ஆராதனை முடிஞ்சு உன் அப்பாவும் அம்மாவும் அப்பத்தான் வந்திருந்தாங்க. நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே அப்பா உள்ள போய் அத எடுத்துட்டு வந்தாரு. "பாத்தியாம்மா, எஸ்தர் புத்தகம்."

எஸ்தரு, உன் ஜெராக்ஸுக்கு அப்பா தோல் அட்டை போட்டிருக்காரு! நல்ல ஆட்டுத்தோல், காப்பிக் கலர். ஷூ கம்பெனியில காலமெல்லாம் ஷூவுக்கு மேல்தோல் தைச்ச கை இல்லையா? அதே நூலு, அதே தையல். தண்ணி கூட உள்ள போவாது. கண்ணும் போவாது! ஒவ்வொரு வரியிலயும் பாதி தையலுக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு. ஷூவ இறுக்கித்தான் தைக்கணும். புத்தகத்த அப்படித் தைச்சா எப்படித் தொறக்கறது? எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு.

"கைல குடுக்கவே மாட்டாரும்மா. தலகாணி பக்கத்துலதான் வெச்சிருக்காரு"ன்னாங்க அம்மா.

நான் கேக்கவே இல்ல. டீயக் குடிச்சுட்டுக் கெளம்பிடலாம்னு இருந்தேன். அப்பாதான், "மூஞ்சி இன்னாமோ மாதிரி இருக்குதே, எதுக்கு வந்தேன்னு சொல்லு"ன்னாரு. சொன்னேன். இத ஜெராக்ஸ் எடுக்கணும்னா தையலப் பிரிக்கணும், அதனால வேணாம்பா, வேற எங்கயாவது பாத்துக்கறேன்னு சொன்னேன்.

அவர் புத்தகத்த மடியில வெச்சுத் தொறந்தாரு. அப்புறம் ஒரு பக்கத்த விரலால அழுத்திப் பிடிச்சுக் காட்டினாரு. ஓரத்துல பென்சில்ல உன் கையெழுத்து. 'ஜெயா, இதத்தான நீ அன்னிக்குக் கேட்ட?' இன்னொரு பக்கம். 'ஜெயா, தூங்காத, இனிமேதான் நல்லா இருக்கு.' இன்னொன்னுல, 'ஜெயா, இந்த ஆளு சொல்றது தப்பு, சண்டைக்குப் போலாமா?'

"ஓரத்த வெட்டினா அவ எழுத்து போய்டும்னுதான் பைண்டிங் கடையில குடுக்கல. நானே தைச்சேன்"னாரு. "புக்கு வேற யாரோ எழுதினதுன்னு எனக்கும் தெரியும்மா. ஆனா ஓரத்துல இருக்கறது என் பொண்ணு எழுதினது. எல்லாம் உனக்குத்தான் எழுதியிருக்கா. நான்தான் கட்டிப்போட்டு வெச்சிட்டேன்."

நான் அழுதேன். வேற இன்னா பண்ணுவேன்?

"தைச்சவனுக்குப் பிரிக்கத் தெரியாதா?"ன்னு கத்திய எடுத்துட்டாரு. ஒவ்வொரு தையலா அவரே அறுத்தாரு. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்ட்டாங்க. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு என்கூடவே வந்தாரு. மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டு, "பென்சில் எழுத்து வருதாப்பா? கொஞ்சம் டார்க்கா போடு"ன்னு கடைக்காரர ஒரு வழி பண்ணிட்டாரு.

கடைசிப் பக்கம் வந்தப்ப அங்கயே நின்னு படிச்சேன். அந்த ஆடுங்களக் குடுத்தது ஒரு அம்மா, எஸ்தரு. செத்துப்போன தன் பிள்ளைக்காக, கோயில்ல எப்பவும் விளக்கெரியணும்னு குடுத்திருக்கா. அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "அந்தக் காலத்துலயும் அப்படித்தானா"ன்னு கேட்டுட்டு, ரோட்டையே பாத்துட்டு நின்னாரு.

வீட்டுக்கு வந்ததும், "உன் பாதியக் கொண்டா, ரெண்டையும் ஒன்னா தைக்கறேன்"னாரு. இந்தத் தடவ தொறக்கற மாதிரி தைப்பாராம். வர்ற ஞாயித்துக்கெழம எடுத்துட்டுப் போறேன். முழுப் புத்தகமும் உன் வீட்டுலதான் இருக்கப்போவுது. எனக்கு ஜெராக்ஸ் போதும்.

எஸ்தரு, நான் முடிச்சுடுவேன். என் ஆய்வேட்டோட முதல் பக்கத்துல உன் பேர் இருக்கும், அத அப்பா கையிலதான் முதல்ல குடுப்பேன். அந்தப் பதிப்பகத்துக்காரங்கள விடப்போறதில்ல. திரும்ப அச்சுப் போடற வரைக்கும், அதுவும் நம்மள மாதிரி பொண்ணுங்க வாங்கற விலையில போடற வரைக்கும், எழுதிக்கிட்டே இருப்பேன். இனிமே ஒரு புத்தகத்த ரெண்டு பேரு பாதி பாதியா பிரிச்சுக்கற நிலமை யாருக்கும் வேணாம்.

உன் கடைசிப் பக்கத்துக்கு அடியில ஒன்னு கேட்டிருந்தியே: 'ஜெயா, யாரு குடுத்தான்னு நான் கண்டுபிடிச்சுட்டேன். எத்தன ஆடுன்னு நீ சொல்லு.'

தொண்ணூறுடி, எஸ்தரு. தொண்ணூறு ஆடு.

கூடப் பொறக்காத உன் தங்கச்சி,
ஜெயா
கணியம்பாடி