துண்டுக்கு அடியில் வேண்டாம்

போத்தனூர்,
ஜனவரி 18

அன்புள்ள ஃபெமினா கண்ணுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள், அப்பா தூங்கட்டும் என்று காத்திருந்தேன், எழுத்து கோணினால் தூக்கக் கலக்கம்தான். ஆண்டவர் தயவில் நாங்கள் சுகம், நீ சுகமில்லை என்று தெரிந்துகொண்டே உன் சுகம் கேட்க வேண்டியிருக்கிறது. வியாழக்கிழமை போனில் குரலைத் தாழ்த்தி, இரண்டு வாரமாக அரிப்பு, திரிந்த பால் மாதிரி வெள்ளை படுகிறது, அந்த இடம் கழுவ நான் கொடுத்துவிட்ட வாசனை வாஷை இரண்டு வேளை போட்டும் குறையவில்லை, டாக்டரிடம் மட்டும் போகமாட்டேன் என்றாய். அப்பா பக்கத்திலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் "சரி கண்ணு, சரி கண்ணு" என்று வைத்துவிட்டேன். "ஏன், புள்ளைக்குச் சளியா?" என்று கேட்டார், ஆமாம் என்றேன், அன்றிலிருந்து ரசப்பொடி அனுப்பு என்று ஒரே நச்சரிப்பு, இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலில் மேலாக இருப்பது அதுதான்.

உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். போன மாதம் எனக்கும் இதே தொல்லை. நம் தெரு மருந்துக்கடை சந்தியாகு அண்ணன் கோயில் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவர், அவரிடம் எப்படிக் கேட்பது, அதனால் யாருக்கும் என்னைத் தெரியாத இடமாக இரண்டு பஸ் மாறி சரவணம்பட்டியில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். போனால் அங்கே டோக்கன் கொடுப்பது நம் பங்குக் கோயில் ஜெபமணி அக்கா. "வாங்க கிருபா, காய்ச்சலுங்களா?" என்றார். நான் முழித்ததைப் பார்த்துவிட்டு, "எனக்கும் போன வருசம் இதேதானுங்க, கூச்சப்படாம உள்ள போங்க" என்றார். டாக்டர் சண்முகப்ரியா என்னைவிடச் சின்னப் பெண், நான் தினமும் வாஷ் போடுவதைக் கேட்டதும், "ஏனுங்கக்கா, இட்லி மாவுல சோப்புத்தண்ணி ஊத்துனா மறுநா மாவு பொங்குமுங்களா?" என்றார். மாவைப் புளிக்க வைக்கிற மாதிரியான நல்ல கிருமிகள் உள்ளேயும் இருந்துகொண்டு, லேசான புளிப்பை உண்டாக்கிக் காவல் காக்கின்றனவாம், நாம் வாசனை போட்டுக் கழுவி அவற்றை விரட்டிவிட்டால் கெட்டது பெருகிவிடுமாம். உள்பக்கம் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும், வெளியே மட்டும் வெறும் தண்ணீர் போதும், சாதாரணமாகக் கொஞ்சம் வெள்ளை படுவது நோயே இல்லை என்றார். பி.எஸ்சி. விலங்கியல் படித்த எனக்கு இது தெரியவில்லை பார். பிறகு உள்ளாடையை எங்கே காயப்போடுவீர்கள் என்று கேட்டார். துண்டுக்கு அடியில் என்றேன், சிரித்துவிட்டார்.

அதை உனக்குப் பன்னிரண்டு வயதில் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான், யார் கண்ணிலும் படக்கூடாது என்று. சண்டிகர் பனியில் ஹாஸ்டல் கட்டில் கம்பியில் துண்டுக்கு அடியில் போட்டால் எங்கே காயும், ஈரத்தோடு எடுத்துப் போட்டு மேலே இறுக்கமான ஜீன்ஸும் போடுகிறாய். இதையெல்லாம் அப்போதே உன்னிடம் சொல்லாமல் வெட்கப்பட்டு ஒரு மாதம் கடத்திவிட்டேனே என்றுதான் மனது அடித்துக்கொள்கிறது. நான் மறுநாளே மொட்டைமாடிக் கொடியில் வெயில் படப் போட்டுவிட்டேன். எதிர்வீட்டு பாவாத்தாள் அக்கா, "ஏனுங்க அம்மணி, மேல துண்டு போட மறந்துபோட்டீங்களா?" என்றார். "மறக்கலீங்கக்கா, டாக்டர்தானுங்க வெயில் படோணும்னு சொன்னாங்க" என்றேன். நாலு நாள் கழித்து அவர் கொடியில் ஓரமாக ஒன்று தொங்கியது, இப்போது வரிசையாகத் தொங்குகிறது. அப்பாதான் பாவம், டேங்க் பார்க்க மாடிக்குப் போகும்போது இருமிக்கொண்டே போகிறார்.

எனக்குக் கொடுத்த களிம்பையும் பார்சலில் வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். அரிப்பு ஒன்று போலிருந்தாலும் காரணம் வேறாக இருக்குமாம், பார்த்துத்தான் மருந்து கொடுக்கவேண்டுமாம். அதனால் கடிதம் கிடைத்த உடனே காலேஜ் டாக்டரம்மாவிடம் போ, கிறிஸ்துமஸுக்கு முன்னால் தொண்டைக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டதையும் சொல், அதனாலும் வருமாம். கொடுக்கிற மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. பாத்ரூம் போனால் முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்கவேண்டும், தூரமான நாட்களில் நாப்கினை நாலைந்து மணி நேரத்துக்கு மேல் வைக்காதே, லேப்பில் இருந்தாலும் எழுந்து போ. அந்த வாஷ் பாட்டிலை முதலில் தூக்கிப் போடு, என்னைத் திட்டிக்கொண்டே போட்டாலும் சரி.

ரசப்பொடிக்குக் கீழே ஆறு பருத்தி உள்ளாடையும் ஒரு கொடிக்கயிறும் கிளிப்பும் இருக்கிறது. வெயில் வருகிற ஜன்னலில் கட்டு. யாராவது கேட்டால் எங்கம்மாதான் கட்டச் சொன்னாள் என்று சொல். ஆண்டவர் உன் கூடவே இருப்பார், தூங்குமுன் ஜெபம் பண்ண மறக்காதே. டாக்டரைப் பார்த்தாயா, என்ன சொன்னார் என்று சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
கிருபா ஜெரோம்